ரசீது எண்ணில் இருந்தது போன வருடத் தேதி

அமெரிக்காவில் கச்சேரிப் பயணம் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று யாராவது உங்களிடம் வந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் மிருதங்கம் வாசிப்பவன். 25 ஆண்டுகளாகச் சென்னையில் பக்கவாத்தியம். 2025 ஏப்ரலில், ஐந்து வாரத்தில் ஏழு கச்சேரி என்று கிளம்பினோம். பாட்டுக்காரர், வயலின், நான் என்று மூன்று பேர். அபுதாபியைத் தாண்டவில்லை. மூவருடைய விசாவும் ரத்தாகி, அடுத்த விமானத்தில் சென்னைக்குத் திரும்பினோம்.

ஏற்பாட்டாளரின் பெயரைப் போடவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. பெயர் இல்லாமலே நம் வட்டத்தில் சிலருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அவர் அமெரிக்காவில் இருப்பவர். மார்கழி சீசனுக்கு ஆண்டுதோறும் வருவார். பட்டு வேட்டி, நெற்றியில் பளிச்சென்று விபூதி, எந்த சபா கேன்டீனுக்குப் போனாலும் அவரைச் சுற்றி நாலு பேர். கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடந்து வருவதும், அதை ஒட்டி வசந்த காலத்தில் நம் கலைஞர்கள் அந்த நாட்டுக்குக் கிளம்புவதும் எல்லோருக்கும் தெரியும். (அந்த விழாவுக்கும் என் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எங்களுடையவை வேறு ஊர்களில் சின்னச் சின்னக் கச்சேரிகள்.) அந்த சீசனைக் காட்டித்தான் அவர் பேச்சைத் தொடங்கினார். "மனு, வக்கீல், சங்கக் கடிதம் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். தலைக்கு 85,000 ரூபாய் மட்டும் கொடுங்கள், அண்ணா" என்றார். கஞ்சிரா தம்பியையும் சேர்த்து நான்கு பேர், 3,40,000 ரூபாய். ரசீது கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தோம். இந்த மரியாதையில்தான் பாதிக் கலைஞர்கள் கெட்டுப்போகிறோம்.

இப்போது எனக்குத் தெரிந்ததை அப்போது தெரிந்திருக்க வேண்டியவர்களுக்காகச் சொல்கிறேன். நம் போன்றவர்கள் பெரும்பாலும் போவது பி-3 (P-3) என்ற விசாவில். ஒரு பண்பாட்டுக்கே உரிய தனித்தன்மையுள்ள கலையை நிகழ்த்த வருபவர்களுக்கானது அது. நாமாக அதற்கு மனுப் போட முடியாது. அமெரிக்காவில் இருக்கும் சபாவோ முகவரோதான் ஐ-129 என்ற படிவத்தை அங்கேயுள்ள குடியேற்றத் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். கலை பண்பாட்டுத் தனித்தன்மை உள்ளது என்பதற்கு அறிஞர்களின் கடிதங்கள், அங்குள்ள தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம், எந்தத் தேதியில் எந்த ஊரில் கச்சேரி என்ற பட்டியல், கலைஞரோடு செய்த ஒப்பந்தம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். வாய்வழி ஒப்பந்தம் என்றால் அதன் விவரத்தையாவது எழுதித் தர வேண்டும். நாங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அது ஏன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டணத்தையும் பாருங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் இந்த பி (P) வகை மனுவுக்கு 1,015 டாலர்; லாப நோக்கமற்ற அமைப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் 510 டாலர். புகலிடத் திட்டக் கட்டணம் என்று தனியாக ஒன்று உண்டு. சிறு நிறுவனத்துக்கு அது 300 டாலர், லாப நோக்கமற்ற அமைப்புக்கு இல்லை. இது தலைக்கு அல்ல, மனுவுக்கு. ஒரே மனுவில் 25 பெயர் வரை சேர்க்கலாம். ஆக, அவர் உண்மையிலேயே மனுப் போட்டிருந்தாலும் சிறு நிறுவனக் கணக்கில் நான்கு பேருக்குமாகச் சேர்த்து மனுவுக்காக அரசுக்குக் கட்ட வேண்டியிருந்தது 510-உம் 300-உம் சேர்ந்த 810 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 70,000 ரூபாய். வக்கீல் கூலி வேறுதான். அவசரப் பரிசீலனை கேட்டால் இன்னும் 2,805 டாலர் ஆகியிருக்கும். அவர் அவசரமும் கேட்கவில்லை, சாதாரணமும் கேட்கவில்லை. மனுவே போடவில்லை.

பிப்ரவரியில், எங்கள் மனுவுக்கானது என்று ஒரு ரசீது எண் அனுப்பினார். மூன்று ஆங்கில எழுத்து, பத்து இலக்கம். குடியேற்றத் துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் மனுவின் நிலை தெரியும். போட்டேன். ஐ-129 மனு, பிப்ரவரி 14ஆம் தேதி ஒப்புதல் அளிக்கப்பட்டது என்று வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று மாலையே புதுத் தோல் போட ஒரு மிருதங்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பக்கத்தில் யாருடைய பெயரும் வராது என்பது எனக்குத் தெரியாது. பிப்ரவரி 14 என்பதற்குப் பக்கத்தில் 2024 என்று போட்டிருந்ததையும் நான் படிக்கவில்லை. அது அவர் அதற்கு முந்தைய வருடம் அழைத்துப்போன வேறொரு குழுவின் எண். நாங்கள் இருந்தது 2025 பிப்ரவரியில்.

தாளத்தில் அரை மாத்திரை பிசகினால் முகத்தைச் சுளிக்கிறவன் நான். ஒரு முழு வருடம் பிசகியது கண்ணில் படவில்லை.

மார்ச் நடுவில் ராகம் மாறியது. "சென்னைத் தூதரகத்தில் நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவில்லை. ஒப்புதல்தான் வந்துவிட்டதே, உங்களிடம் பத்து வருட சுற்றுலா விசா இருக்கிறது அல்லவா? அதில் ஏறிவிடுங்கள். அங்கே கணினியில் ஒப்புதல் தெரியும், மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்" என்றார். எங்கள் மூவரிடமும் பி1/பி2 (B1/B2) என்ற அந்தச் சுற்றுலா விசா இருந்தது. பாட்டுக்காரர் அண்ணாவின் மகள் அங்கேதான் இருக்கிறாள், நானும் வயலின்காரரும் உறவினர் வீட்டுக்குப் போய் வந்தவர்கள். கஞ்சிரா தம்பியிடம் எந்த விசாவும் இல்லை. "அவன் வேண்டாம், அங்கே ஒரு பையனைப் பிடித்துக்கொள்ளலாம்" என்று முடித்துவிட்டார். ஒப்புதல் நான்கு பேருக்கும் வந்திருந்தால் ஒருவனை மட்டும் எதற்கு விட வேண்டும்? இதையும் நாங்கள் கேட்கவில்லை. விட்டுப்போனது என்னவோ தம்பிக்கு நல்லதாயிற்று. அவனுடைய பாஸ்போர்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் கொடுமை. கனடா நாட்டுக் குடிமக்களுக்கு பி-3 போன்ற பி (P) வகை விசா தேவையில்லை. ஒப்புதல் கடிதத்தைக் காட்டி எல்லையிலேயே நுழையலாம். அது அவர்களுக்கு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஒப்புதல் வந்த பிறகு தூதரகத்தில் விசா முத்திரை வாங்கியே ஆக வேண்டும்.

இன்னொரு பழைய பொய்யும் கூடவே வந்தது. "டிக்கெட் விற்பனையெல்லாம் சபாவுக்குப் போகும். உங்களுக்குச் சம்பளம் இல்லை, சன்மானம்தான். தாம்பூலத்தோடு வைத்துக் கொடுப்பதை யார் கேட்பார்கள்?" நம் ஊரில் மூத்த வித்வான்கள்கூட இதை நம்புகிறார்கள். அங்குள்ள விதி மிகத் தெளிவு. பொழுதுபோக்குக்குப் பாடும் அமெச்சூர் கலைஞர், பணம் வாங்காமல் தொண்டு நிகழ்ச்சியில் பாடினால் சுற்றுலா விசா போதும். வழக்கமாகப் பணம் வாங்கி நிகழ்த்துபவர், இந்த ஒருமுறை இலவசமாகச் செய்கிறேன் என்றாலும் அந்தச் சலுகை கிடையாது. பரிசைத் தவிர வேறு பணம் இல்லாத போட்டியில் கலந்துகொள்ளலாம், நம் அரசே செலவு செய்து அனுப்பும் டிக்கெட் இல்லாத நிகழ்ச்சியில் வாசிக்கலாம். இப்படிச் சில விலக்குகள் பி1-ல் (B1) உண்டு. சன்மானக் கவர் அந்தப் பட்டியலில் இல்லை.

அபுதாபிக்கு வருகிறேன். அந்த விமான நிலையத்தில் 2014 முதல் அமெரிக்க எல்லை அதிகாரிகளே உட்கார்ந்து சோதனை செய்கிறார்கள். அங்கிருந்து நேரடி விமானத்தில் போகிறவர் அந்த நாட்டில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி மாதிரி நடந்து வெளியே போய்விடலாம். எங்களுக்குச் சிகாகோ விமானம்.

அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். எதற்காகப் போகிறீர்கள் என்றார். ஏற்பாட்டாளர் சொல்லிக் கொடுத்தபடி, "உறவினர் வீட்டுக்கு" என்றேன். அந்தப் பை என்ன என்றார். மிருதங்கம் என்றேன். ஒன்றா என்றார். இரண்டு. உறவினர் வீட்டுக்கு இரண்டு மத்தளம் எதற்கு? பாட்டுக்காரர் அண்ணாவின் சுருதிக்கு ஒன்று, போகிற இடத்தில் ஒரு பெண் பாடகிக்கும் வாசிப்பதாக ஏற்பாடு இருந்ததால் ஹெச்சு சுருதியில், அதாவது உயர்ந்த சுருதியில், ஒன்று. இதைச் சொன்னால் மாட்டிக்கொள்வேன், சொல்லாவிட்டால் பொய். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் முகம்தான். இணையத்தில் கிடந்த கச்சேரி விளம்பரம். கீழே நுழைவுச்சீட்டு 25 டாலர்.

பிறகு தனி அறை. கைப்பேசியைக் கேட்டார்கள், கொடுத்தேன். ஏற்பாட்டாளரின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் அதில் இருந்தன, "வாத்தியத்தைப் பற்றிக் கேட்டால் பரிசு என்று சொல்லுங்கள்" என்பது உட்பட. அதற்கு மேல் மறைக்க மனம் வரவில்லை. நடந்ததை முழுதாகச் சொன்னேன். உறுதிமொழியுடன் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நுழைவு விண்ணப்பத்தை நானாகத் திரும்பப் பெறுவதாக இன்னொரு படிவம். பாஸ்போர்ட்டில் இருந்த விசாவின் மேல் ரத்து முத்திரை. பக்கத்து நாற்காலியில் பாட்டுக்காரர் அண்ணா, அறுபது வயதைத் தாண்டியவர், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் உட்காரும் பழக்கம் அது என்று நினைக்கிறேன். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த ஏற்பாட்டாளரை அவரிடம் அழைத்துப்போனது நான்தான்.

திரும்பி வந்தபின் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டேன். சிகாகோவில் இறங்கிய பிறகு இது நடந்திருந்தால் உடனடி வெளியேற்ற உத்தரவு போட்டு, ஐந்து ஆண்டு தடை விதித்திருக்க முடியும் என்றார். வேண்டுமென்றே பொய் சொல்லி நுழையப் பார்த்தார் என்று முடிவானால் ஆயுளுக்கும் தடை. நான் அந்த அறையில் தாமதிக்காமல் உண்மையைச் சொன்னது எனக்குச் சாதகமாகலாம் என்றார். "ஆகலாம்" என்பதற்கு மேல் அவர் எதுவும் உறுதி கூறவில்லை. அமெரிக்க விசா விண்ணப்பமான டிஎஸ்-160ல், எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா, நுழைவு மறுக்கப்பட்டதா, எல்லையில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. இனி ஒவ்வொரு முறையும் அதில் ஆம் என்று எழுதி விளக்கம் கொடுக்க வேண்டும். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா விண்ணப்பங்களிலும் பிற நாடுகள் மறுத்த கதையைக் கேட்கிறார்கள். அண்ணாவின் மகளுக்கு ஜூலையில் பிரசவம். தாத்தா பேரனை வீடியோ அழைப்பில்தான் பார்த்தார்.

ஏற்பாட்டாளரிடம் பேசினேன். "நீங்கள் ஏன் உண்மையைச் சொன்னீர்கள்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பல வாரம் துரத்திய பிறகு தலைக்கு 20,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி "வக்கீலுக்குப் போய்விட்டது" என்றார். எந்த வக்கீல்? பதில் இல்லை. கச்சேரி வைத்திருந்த சபாக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு முறையான விசா இருப்பதாக அவர்களிடமும் சொல்லி முன்பணம் வாங்கியிருக்கிறார்.

கிளம்பப் போகிறவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒப்புதல் வந்தது என்றால் ஐ-797 என்ற அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். அதிலோ அதன் இணைப்பிலோ உங்கள் பெயர், பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துகளோடு, இருக்க வேண்டும். மனுதாரர் யார் என்று பாருங்கள். உங்களை அழைத்தவரே அவரா, இல்லை கேள்விப்படாத பெயரா? மனுவைக் கச்சேரிக்கு ஓராண்டு முன்பிருந்தே போடலாம், ஆகவே "நேரமில்லை" என்று மார்ச்சில் சொல்பவர் டிசம்பரில் சும்மா இருந்தவர். ஒலிப்பொறியாளரைக் கூட்டிப்போனால் அவருக்குத் துணைப் பணியாளர் என்று தனி மனு வேண்டும். லண்டனுக்குப் போய் வந்தவர்கள் அந்த அனுபவத்தை இங்கே பொருத்த வேண்டாம். அங்கே முன்கூட்டியே அழைப்பு இருந்தால் பார்வையாளர் விசாவிலேயே 30 நாளுக்குள் பணம் வாங்கி வாசிக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை.

வாத்தியத்தைப் பற்றியும் ஒன்று. உடும்புத் தோல் கஞ்சிராவை எந்த நாட்டு எல்லைக்கும் கொண்டுபோகாதீர்கள். வங்காள உடும்பு சர்வதேச வனஉயிரின வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்திலும் உச்சப் பாதுகாப்பு. ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ போட்டதை எடுத்துப்போங்கள். தந்தம் பதித்த பழைய வீணைக்கும் இதே கதிதான். எங்கள் தம்பியின் கஞ்சிராவில் என்ன தோல் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

யாருக்காவது ரசீது எண் வந்திருந்து, இணையதளத்தில் பார்க்கத் தெரியவில்லை என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள். மாதத்தை மட்டும் அல்ல, வருடத்தையும் சேர்த்துப் படித்துச் சொல்கிறேன்.