மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால்: மருந்தா, தண்ணீர் மாற்றமா, தனித் தொட்டியா?

மே மாதத்தில் ஓர் இரவு. என் மூன்றடி மீன் தொட்டியில் நான்கு ஏஞ்சல் மீன்களும் நீர்ப்பரப்பை ஒட்டி நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மோலிகளும் டெட்ராக்களும் அதே நிலையில் இருந்தன. அன்று மாலை மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானி 32 டிகிரி காட்டியது. நோய் வந்துவிட்டது என்று பதறி, வீட்டிலிருந்த மெத்திலீன் ப்ளூ மருந்தை 120 லிட்டருக்கும் கணக்குப் போட்டு ஊற்றினேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு ஏஞ்சல்கள் செத்து மிதந்தன.

அந்த இரவில் எனக்கு மூன்று வழிகள் திறந்திருந்தன. தொட்டி முழுவதற்கும் மருந்து போடலாம். தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றலாம். தளர்ந்த மீனைப் பிடித்துத் தனித் தொட்டியில் விடலாம். மூன்றையும் பிறகு பல முறை செய்து பார்த்துவிட்டேன். பல இன மீன்கள் சேர்ந்து வாழும் தொட்டியில் கை முதலில் போகவேண்டியது வாளிக்குத்தான், மருந்துப் புட்டிக்கு அல்ல.

எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நடந்துகொண்டால், தவறு பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கும். நோய் ஒவ்வொன்றாகத் தொற்றிப் பரவும். மூச்சுத் திணறல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 8.2 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும். 32 டிகிரியில் அது சுமார் 7.3 ஆகக் குறைகிறது. வெப்பம் கூடும்போது மீனின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. இதற்கு நடுவில் மின்சாரமும் போய் ஃபில்டர் நின்றுவிட்டால், அதன் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளுக்கும் ஆக்சிஜன் கிடைக்காது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவைதான். அவை முடங்கினால் அம்மோனியா தேங்கும்.

நான் செய்த தவறு இங்கேதான் இருக்கிறது. மெத்திலீன் ப்ளூ அந்த நுண்ணுயிரிகளையும் கொல்லக்கூடியது. மூச்சு முட்டிக்கொண்டிருந்த மீன்களுக்கு, மிச்சமிருந்த துப்புரவுப் படையையும் நானே அழித்துவிட்டேன். புதுத் தொட்டியில் அந்தப் படை உருவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கிட்டத்தட்ட அத்தனை நாள்கள் நான் தினமும் வாளி தூக்கவேண்டியிருந்தது. மருந்தைக் குறை சொல்லவில்லை. நைட்ரைட் நஞ்சேறிய மீனுக்கு அதுவே மாற்று மருந்தாகவும் பயன்படுகிறது. ஆனால் அதைக் கொடுக்கவேண்டிய இடம் தனித் தொட்டி.

தண்ணீர் மாற்றத்தின் பலன் எளிய கணக்கு. முப்பது சதவீதத்தை மாற்றினால் அம்மோனியா எழுபது சதவீதமாகக் குறைகிறது. சில மணி நேரம் விட்டு இன்னொரு முறை மாற்றினால் 49. காற்றுக் குமிழ்களை விடும் காற்றுக் கல்லையும் கூடுதலாகப் போட்டால், திணறல் ஆக்சிஜன் குறைவால் வந்திருந்தாலும் அம்மோனியாவால் வந்திருந்தாலும், பெரும்பாலும் அன்றிரவே மீன்கள் கீழே இறங்கிவிடும். காரணம் இன்னதென்று உறுதியாகத் தெரியாத நேரத்திலும் பயன்படும் வழி இந்த மூன்றில் இது ஒன்றுதான். அதனால்தான் நான் இதன் பக்கம் நிற்கிறேன்.

இதிலும் ஆபத்து உண்டு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது செவுளைச் சுடும்; ஒரு நாள் திறந்த தொட்டியில் காற்று ஓட்டி வைத்த தண்ணீரோ, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்த தண்ணீரோதான் ஊற்றவேண்டும். இரண்டாவது ஆபத்து பலருக்கும் தெரிவதில்லை. அம்மோனியாவின் நஞ்சு, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பொறுத்தது. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவுதான் நஞ்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டும். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பிஎச் இறங்கி, அம்மோனியா தீங்கு குறைந்த வடிவில் அடங்கிக் கிடக்கும். அதில் கடினமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாதிக்கு மேல் ஒரேயடியாக ஊற்றினால், பிஎச் ஏறி, அடங்கியிருந்தது விழித்துக்கொள்ளும். நேற்றுவரை சோர்வாக இருந்த மீன்கள் இன்று தண்ணீர் மாற்றியதும் சாகின்றன என்று சொல்பவர்களின் அனுபவம் பொய்யல்ல. பழைய தொட்டியில் பத்துப் பத்து சதவீதமாக, நாளுக்கு ஒரு முறை மாற்றுவதே பாதுகாப்பு.

நைட்ரைட் ஏறியிருந்தால் கல்லுப்பும் கைகொடுக்கும். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கிறது. இதற்கு லிட்டருக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே பெரும்பாலும் போதும்.

தனித் தொட்டி எப்போது வெல்லும்? ஒரே ஒரு மீன் மட்டும் இரை எடுக்காமல் மூலையில் ஒதுங்கும்போது, துடுப்பு கிழிந்திருக்கும்போது, வயிறு உப்பியிருக்கும்போது. இருபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய், ஒரு ஸ்பான்ஞ் ஃபில்டர் போதும். அந்த ஸ்பான்ஞ் எப்போதும் பெரிய தொட்டியின் மூலையில் ஓடிக்கொண்டிருக்கட்டும். அப்போதுதான் தேவைப்படும் நாளில் நுண்ணுயிரிகளோடு தயாராக இருக்கும். மருந்தும் ஆறில் ஒரு பங்குதான் செலவாகும். செம்பு கலந்த மருந்தால் இறால்களும் நத்தைகளும் சாகும் என்ற கவலையும் இல்லை.

இதே தனித் தொட்டி தோற்கும் இடம் வெள்ளைப் புள்ளி நோய். மீன்கள் கல்லிலும் செடியிலும் உடலை உரசிக்கொண்டு பாயும். ஓரிரு நாளில் உடலில் உப்புத் தூவியது போலப் புள்ளிகள் தெரியும். புள்ளி தெரியும் மீனை மட்டும் அப்புறப்படுத்திப் பயனில்லை. ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து தரையில் பெருகி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக அடுத்த மீனைத் தேடிப் போகிறது. மருந்து கொல்வது அப்படி நீந்தித் திரியும் பருவத்தை மட்டும்தான். ஆகவே இங்கே மருந்து பெரிய தொட்டிக்கே போகவேண்டும், புள்ளிகள் மறைந்த பிறகும் சில நாள்கள் தொடரவேண்டும். ஃபில்டரில் கரி இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். மருந்தை அது உறிஞ்சிவிடும். லோச் மீன்கள் இருந்தால் மாலகைட் கிரீன் மருந்தைப் பாதி அளவாகக் குறையுங்கள்.

சரி, எதுவுமே செய்யாமல் இருக்கலாமா? சில நேரங்களில் அதுவே சரி. கௌராமி மீன் மேலே வந்து காற்றை விழுங்குவது அதன் இயல்பு; நம் ஊர் பனையேறிக் கெண்டையின் உறவு அது. அந்தப் பனையேறியைத்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், பனைமரத்தில் பிடித்ததாக எழுதிவைத்தார். இந்த இனத்துக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. கோரிடோரஸ் மீன் அம்பு போல மேலே பாய்ந்து திரும்புவதும் காற்றுக்காகவே. அதற்குக் குடலே துணைச் சுவாச உறுப்பு. ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் பாய்ந்தால் தண்ணீரைக் கவனிக்கவேண்டும். கிளவுன் லோச் பக்கவாட்டில் சாய்ந்து பிணம் போலக் கிடந்து தூங்கும். நியான் டெட்ரா இரவில் நிறம் வெளுக்கும். விளக்குப் போட்ட சில நிமிடங்களில் நீலம் திரும்பிவிடும்.

சண்டையும் நோய் போலவே தோற்றம் தரும். மிஞ்சிய என் ஏஞ்சல்கள் இரண்டும் அடுத்த ஆண்டு ஜோடி சேர்ந்தன. ஒரு காலையில் மற்ற மீன்களெல்லாம் வலது மேல் மூலையில் நெருக்கியடித்து நின்றன, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு. நெஞ்சு பதறியது. வாளியை எடுக்கும் முன் எதிர் மூலையைப் பார்த்தேன். ஃபில்டர் குழாயின் மேல் வரிசையாக முட்டைகள். ஏஞ்சல் ஜோடி துடுப்பால் விசிறிக்கொண்டே, நெருங்கிய டெட்ராவைத் துரத்தியது. அதற்குத் தேவைப்பட்டது தொட்டியின் நடுவே ஒரு தடுப்புக் கண்ணாடி மட்டும்தான்.