தேர்டு பார்ட்டியா, ஃபுல் இன்சூரன்ஸா?

காருக்கு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போதுமா? 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அது கட்டாயம். நம் கார் இடித்து அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்கும். நசுங்கிய நம் பம்பருக்கு ஒரு பைசா வராது. திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் ஃபுல் இன்சூரன்ஸில்தான்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. 2015 சென்னை வெள்ளம் மாதிரி தண்ணீரில் நின்ற காரை, மெக்கானிக் வரும்வரை பொறுக்காமல் ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி பிஸ்டனை இயக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் செலவைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவரைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வெள்ளம் புகும் வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்கள் யோசிக்காமல் சேர்க்கலாம்.

பதினைந்து வருடப் பழைய காரா? சரி, விற்றாலே சொற்பம்தான். தேர்டு பார்ட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.