முற்றத்துத் தொட்டிக்குத் தாமரையா, ஆம்பலா?

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் முற்றத்தில் இரண்டு தொட்டி வைத்தேன். ஒன்றில் தாமரை, மற்றதில் ஆம்பல். இன்றைக்கு ஆம்பல் ஏழு தொட்டியாகப் பெருகி நிற்கிறது. தாமரைத் தொட்டியில் கப்பி மீன் மட்டும்தான் ஓடுகிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நாம் அல்லி என்பதை, களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போய்விட்டால் ஆம்பல் என்றுதான் கேட்க வேண்டும். அங்கே அல்லி என்றால் பூண்டுப் பல், ஆரஞ்சுச் சுளை. சங்கப் பாட்டின் ஆம்பலை நாம் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டோம். பாறசாலைப் பக்கம் செடி விற்கிற சேச்சி இன்னும் விடவில்லை. அவரிடம் வாங்கியதால் எனக்கும் அது ஆம்பல்தான்.

ஒரே குளத்தில் நிற்பதால் இரண்டையும் அக்கா தங்கை என்று நினைத்துவிடுகிறோம். லின்னேயஸே 1753-இல் தாமரையை ஆம்பலின் பேரினமான நிம்பேயாவில்தான் சேர்த்தார். இப்போது அது நெலும்போ என்ற தனிப் பேரினம். அதில் உலகம் முழுக்க இரண்டே இனம்: நம்முடையது ஒன்று, அமெரிக்காவின் மஞ்சள் தாமரை ஒன்று. மரபணுவைப் பார்த்தால் தாமரையின் கிட்டத்துச் சொந்தம் பிளேன் மரமும் மக்கடேமியாக் கொட்டை மரமும். அதாவது தரையில் நிற்கிற மரங்கள்! நிம்பேயாவில் சுமார் 50 இனங்கள் உண்டு. பூக்கும் தாவரங்களில் மிகப் பழைய கிளைகளில் ஒன்று அது.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க இலையைப் பார்த்தால் போதும். ஆம்பல் இலையில் காம்புவரை ஒரு வெட்டு இருக்கும். தண்ணீர்மேல் படிந்து கிடக்கும். தாமரை இலையில் வெட்டு கிடையாது. நடுவில் காம்பு, குடை மாதிரி எழுந்து நிற்கும், காம்பைத் தடவினால் முள் உறுத்தும். நீலத்தாமரை விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். தாமரையில் நீலமே இல்லை. நீலம் வேண்டுமென்றால் ஆம்பலில்தான், இலங்கையின் தேசிய மலர் அந்த வகைதான்.

அழகில் தாமரைக்குத்தான் மார்க். அம்மையும் அதைத்தான் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை விளக்குக்கு அல்லியவா வைப்ப?" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, என் முடிவுக்குக் காரணம் பூ இல்லை, கிழங்கு. ஆம்பலின் கிழங்கு சேம்பு மாதிரி, வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். உச்சியிலிருந்துதான் இலையும் மொட்டும் வரும். ஓரடி அகலச் சட்டியில் வயல் சேற்றைப் போட்டு நட்டு, சட்டியோடு தொட்டித் தண்ணீருக்குள் இறக்கினால் முடிந்தது. ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை சட்டியைத் தூக்கி, அழுகிய வேரை வெட்டி, புதுச் சேறு கொஞ்சம், மக்கிய சாணம் கொஞ்சம். அரை மணி நேர வேலை, ஒரு ஆள் போதும்.

தாமரைக் கிழங்கு ஓடுகிற சாதி. சேற்றுக்குள் கொடி மாதிரி நீண்டு, கணுவுக்குக் கணு ஒரு இலையை மேலே அனுப்பும். குளத்தில் அது ஓட இடம் இருக்கிறது. தொட்டியில் சுவரை முட்டி, வட்டமடித்து, தன்மேல் தானே ஏறி, வருடக் கடைசியில் தொட்டி முழுக்க முறுக்கிய கயிறு மாதிரி ஆகிவிடும். சதுரத் தொட்டி என்றால் மூலையில் சிக்கிக்கொள்ளும், அதனால்தான் வட்டத் தொட்டி கேட்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை அத்தனை சேற்றையும் கொட்டி, கிழங்கைப் பிரித்து, மறுபடி நட வேண்டும். அந்தக் கனத்தைச் சரிக்க இரண்டு பேர் வேண்டும். பிரிக்கும்போது குருத்து ஒடிந்தால் அந்தத் துண்டு பெரும்பாலும் தேறாது. சேச்சி முதலிலேயே சொன்னார்: "குருத்து ஒடியாம நோக்கணும் கேட்டோ." நான் நோக்கினேன், ஒடித்தேன். மூன்று துண்டில் இரண்டு போச்சு. மூன்றாவது இடவப்பாதி மழையில், அதாவது ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையில், இலையாகவே விட்டுக்கொண்டிருந்து, ஐப்பசி மழையில் அதுவும் நின்றுவிட்டது.

நான் தாமரை வளர்த்தது ஒரே தொட்டி, இரண்டு மழைக்காலம். அதுவும் பக்கத்து வீட்டு ரப்பர் மரங்களின் நிழல் பாதி நாள் விழுகிற முற்றம். தாமரை ஆறு மணி நேர நேர்வெயில் கேட்கிற செடி. மொட்டை மாடியில் வைத்தவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம். சின்னத் தொட்டிக்கென்றே வருகிற குட்டைத் தாமரை வகைகளை நான் வளர்த்ததில்லை.

பூச்சி விஷயம் சின்னதுதான், ஆனால் தினசரி வேலை. அசுவினி இரண்டிலும் வரும். ஆம்பல் இலை தண்ணீரோடு படிந்திருப்பதால் ஒரு குடம் தண்ணீரை மேலே அடித்தால் பூச்சி உதிரும், கப்பி மீன் பார்த்துக்கொள்ளும். தாமரை இலை இரண்டடி உயரத்தில் நிற்கிறது, மீன் தாவவா செய்யும்?

பெருக்குவதிலும் ஆம்பல் தாராளம். சில வகைகளில் இலை காம்போடு சேருமிடத்தில் ஒரு குட்டிச் செடியே முளைக்கும். கிள்ளி வேறு சட்டியில் வைத்தால் ஆயிற்று. என் ஏழு தொட்டியில் நான்கு அப்படி வந்தவை. தாமரை விதையின் ஓடோ கல் மாதிரி, உரசித் தேய்த்தால்தான் முளைக்கும். அந்த ஓட்டின் உறுதியால்தான் சீனாவில் ஏரிப்படுகையில் கிடந்த சுமார் 1300 வருடப் பழைய விதைகூட முளைத்தது. இன்னொரு வித்தையும் தாமரைக்கு உண்டு. அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் அளந்தபோது, வெளிக்காற்று 10 டிகிரிக்கு இறங்கியும் பூவுக்குள் 30 டிகிரிக்கு மேல் சூடு இருந்திருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த வித்தைக்கு என்ன வேலை?

ஆம்பல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்: பகலில் பூப்பதா, இரவில் பூப்பதா? நீலம் காலையில் நன்றாக வெயில் ஏறியபிறகு விரிந்து, பிற்பகலில் மூடிவிடும். ஏழு மணிக்குப் பஸ் பிடித்து, இருட்டியபின் வீடு திரும்புகிற என்னைப் போன்றவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பூ. அப்புறம்தான் செவ்வாம்பல் வாங்கினேன். அந்தியில் விரியும், மறுநாள் காலை நான் கிளம்பும்போதும் திறந்தே இருக்கும்.

வெள்ளிக்கிழமை விளக்குக்கு மட்டும் அம்மைக்குத் தாமரைதான். அதை மார்த்தாண்டம் சந்தையில் வாங்கி வருகிறேன்.