சுவரைச் சட்டென விலக்குவதா, மெல்ல நகர்த்துவதா?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளைப் பெட்டிக்குள் தாழ்நிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், அடைபட்ட எலக்ட்ரான் பற்றிய குவாண்டம் கணக்கு ஓர் இடத்தில் இடறிவிடுகிறது. ஒரு பக்கச் சுவரைச் சட்டென விலக்கிப் பெட்டியை இருமடங்கு அகலமாக்கினால் ஆற்றல் வீணாகும், மெல்ல நகர்த்தினால் மிஞ்சும் என்று எண்ணத் தோன்றும், நடப்பது நேர்மாறு.

சட்டென விலக்கும்போது, எலக்ட்ரானை எங்கே காணலாம் என்பதைக் கணிக்க உதவும் அலைச்சார்பு மாறுவதற்கு அவகாசமே இல்லை. விலகும் சுவரைத் தள்ளவும் அதற்கு வாய்ப்பில்லாததால் சராசரி ஆற்றல் துளியும் குறைவதில்லை. ஆனால் பழைய வடிவம் புதிய பெட்டியில் பல நிலைகளின் கலவையாகிவிடுகிறது: தாழ்நிலையில் எலக்ட்ரானைக் காணும் நிகழ்தகவு 36 சதவீதம், பழைய ஆற்றலையே கொண்ட இரண்டாம் நிலையில் சரியாக 50, மூன்றாவதில் ஏறக்குறைய 13. இரு சுவர்களையும் சமமாக விலக்கினால் அந்த 36 என்பது 72 ஆகிவிடும் என்பதைப் பாடத்தில் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. மூலத்தறைத் தடுப்பணையின் ஷட்டரை ஒரேயடியாகத் தூக்கினால் ஆற்றில் அலை புரள்வதைப் போல, இங்கும் அலைச்சார்பு பெட்டிக்குள் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும்.

மெல்ல நகர்த்தினால் எலக்ட்ரான் தாழ்நிலையிலேயே தங்குகிறது. ஆற்றல் கால் பங்காகக் குறைய, முக்கால் பங்கு சுவரைத் தள்ளிய வேலையாக வெளியேறுகிறது. இதற்கான தேற்றத்தை 1928இல் இயற்பியலாளர்கள் பார்னும் ஃபோக்கும் நிறுவினார்கள். எது 'மெல்ல' என்பதை அடுத்த மட்டத்துக்குள்ள ஆற்றல் இடைவெளி தீர்மானிக்கிறது. 1 நானோமீட்டர் பெட்டியில் அந்த இடைவெளி சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். அதற்குரிய காலம் ஒரு ஃபெம்டோ நொடிக்கும் (நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) குறைவு. பெட்டி 2 நானோமீட்டர் ஆகும்போது இடைவெளி நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடுவதால், தொடக்கத்தைவிட முடிவில்தான் நான்கு மடங்கு நிதானம் வேண்டும்.

ஆய்வகத்தில் ஒளியாலோ காந்தப்புலத்தாலோ ஆன பொறியில் பிடித்த அணுக்களின் ஆற்றலைக் கிளர்ச்சியின்றிக் குறைக்க நிதானமே ஏற்றது. ஆயினும் நேரம் நீள நீள வெளி இரைச்சல் அவற்றைச் சூடாக்கும், சில அணுக்கள் தப்பியும் போகும். மாறாக, அவற்றின் உந்தப் பரவலை அளக்க வேண்டுமென்றால் பொறியைச் சட்டென அணைத்து மேகத்தை விரியவிடுவதே வழி. இயற்கையும் சில இடங்களில் சட்டெனும் வழியையே எடுக்கிறது: ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான டிரிட்டியம், கருவிலிருந்து எலக்ட்ரானை உமிழும் பீட்டா சிதைவில் ஹீலியமாகும்போது கருவின் மின்னூட்டம் நொடிப்பொழுதில் இரட்டிப்பாக, பிடி இறுகிய அணு எலக்ட்ரான் புதிய தாழ்நிலையில் அமர்வதற்கான நிகழ்தகவு 70 சதவீதம்தான்.