பிள்ளைகளுக்கு நாள் காட்ட ஏற்ற தினசரி காலண்டர்

சிறு பிள்ளைகளுக்கு நாளையும் கிழமையையும் வீட்டிலேயே கற்றுக்கொடுக்க விரும்பும் பெற்றோருக்கு, சிவகாசியில் அச்சாகும், நாளொரு தாளாகக் கிழிக்கும் தினசரி காலண்டரைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நேற்று, இன்று, நாளை என்பவை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஆனால் காலையில் கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “இது நேத்து” என்று சொல்லி, அடுத்த தாளை லேசாகத் தூக்கி, “இதுதான் நாளைக்கா?” என்று எங்கள் மகள் கேட்டபோது, அந்த வேறுபாடு அவளுக்கு விளங்கிவிட்டதை உணர்ந்தோம்.

பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதியும் அதனுடன் தமிழ்த் தேதியும் இருப்பதால், ஏப்ரல் நடுவில் சித்திரை பிறப்பதையும், ஆடிப்பெருக்கான ஆடி 18 ஆகஸ்ட் தொடக்கத்தில் வருவதையும் பிள்ளைகள் தாமாகவே கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஞாயிறு சிவப்பில் இருப்பது வாரத்தைப் புரியவைக்கப் பெரிதும் உதவுகிறது. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் மாடிக்கு அழைத்துச்சென்று வானத்தைக் காட்டுவது இன்னும் நல்லது.

குறைகளும் உண்டு. இராகு காலம், எமகண்டம், இராசிபலன் எனப் பொடி எழுத்துகள் நெருக்கமாக இருப்பதால், சிறிய அளவு காலண்டர் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. பெரியதையே வாங்கி, அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்ட வேண்டும். நாங்கள் வாங்கியதில் தாள் மிக மெல்லியதாக இருந்ததால், சில நாள்களில் இரண்டு தாள்கள் சேர்ந்தே கிழிந்தன. முழு மாதத்தையும் ஒருசேரப் பார்க்க இதில் வழியில்லை என்பதால், பிறந்தநாளுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க, அருகிலேயே ஒரு மாதக் காலண்டரும் தேவைப்படும்.