பேனலில் ஓட்டை போட ஹோல் சோவா, பெட்டரி பஞ்சா?

மின்சாரப் போர்டின் இரும்புப் பேனலில் க்ளாண்ட் (கேபிள் நுழைகிற இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கிற உறுப்பு) மாட்டவும் சுவிட்ச் பதிக்கவும் ஓட்டை போட எங்கள் பக்கத்தில் புழங்குகிற வழிகள் நாலு: ஹோல் சோ (வட்டமாக அறுக்கிற ரம்பம்), ஸ்டெப் ட்ரில் (படிப்படியாகத் துளையைப் பெரிதாக்குகிற ட்ரில்), தகட்டை அழுத்தி வட்டமாக வெட்டுகிற, ஸ்பானரால் முறுக்கும் நொக்அவுட் பஞ்ச், அதே வேலையை எண்ணெய் அழுத்தத்தில் செய்கிற ஹைட்ரோலிக் பஞ்ச். ஹைட்ரோலிக்கிலேயே கையால் பம்ப் அடிப்பதும் உண்டு, பெட்டரியில் ஓடுவதும் உண்டு. எல்லாவற்றையும் பாவித்துவிட்டு நான் வந்து நின்றது பெட்டரி பஞ்சில். ஹட்டன், தலவாக்கலை பக்கத்துத் தேயிலை பெக்டரிகளில் போர்ட் வேலை செய்கிறவனின் கணக்கு இது. வீட்டு வயரிங் மட்டும் செய்கிறவருக்குக் கணக்கு வேறாக வரும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். ஹோல் சோ மலிவு, எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். பஞ்ச் விலை கூட, பெட்டரி பஞ்ச் இன்னும் கூட. ஹோல் சோ சத்தம் போடும், பிசிர் விடும். பஞ்ச் வெட்டிய விளிம்பு சுத்தமாக இருக்கும். இதற்காக மட்டும் அவ்வளவு காசு போட வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை. பிசிரை அரத்தால் ராவி எடுத்துவிடலாம்.

காசு போட வைத்த காரணம் இரும்புத்தூள்.

கொழுந்தைப் பரப்பி வாட வைக்கிற வாடல் தொட்டிகளின் ஃபேன் மோட்டார்களுக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி) மாட்டுகிற வேலை இப்போது நிறைய வருகிறது. கொழுந்தின் ஈரத்துக்கு ஏற்றபடி ஃபேன் வேகத்தைக் குறைத்தால் கரண்ட் பில் குறையும் என்பதால் பெக்டரிகள் விரும்பிச் செய்கின்றன. ஆனால் புதுப் பேனல் வைப்பதைவிட, ஏற்கனவே சுவரில் நிற்கிற பேனலில் இடம் பார்த்து ஏற்றுவதுதான் அதிகம். அதாவது உள்ளே கொன்டாக்டர், ஓவர்லோட், பஸ்பார் என்று கரண்ட் போகிற உறுப்புகள் எல்லாம் இருக்கும்போதே தகட்டை வெட்ட வேண்டும். மெயினை நிறுத்திப் பூட்டுப் போட்டுத்தான் வேலை செய்கிறோம் என்றாலும், விழுந்த தூள் மெயினைத் திரும்பப் போடும் வரை அங்கேயே காத்துக் கிடக்கும். 400 வோல்ட் இரண்டு ஃபேஸ் முனைகளுக்கு இடையே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. தலைமுடி போல் சுருண்ட ஒரு சீவல் குறுக்கே கிடந்தால் போதும், சோர்ட்டாகிவிடும். விஎஃப்டிக்குள் இருக்கிற சின்ன ஃபேன் காற்றை இழுக்கும்போது கீழே கிடக்கும் தூளும் கூடவே உள்ளே போகும்.

சரி, எதில் எவ்வளவு தூள் விழுகிறது? 25 மி.மீ. ஓட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டெப் ட்ரில் போட்டால் அந்த 25 மி.மீ. வட்டம் முழுவதும் தூளாகவும் சுருளாகவும் விழும். ஹோல் சோ வட்டத்தின் விளிம்பை மட்டும் அறுப்பதால் குறைவு, ஆனால் விழுவது நுணுக்கமான துகள், சுற்றுகிற வேகத்தில் நாலா பக்கமும் தெறிக்கும். பஞ்சுக்கும் முதலில் ட்ரில் போட்டே ஆக வேண்டும். பஞ்சை இழுக்கிற மரைக் கம்பியான 3/8 இன்ச் ஸ்டட் போக 11 மி.மீ. அளவில் ஒரு துளை வேண்டும். அதன் பிறகு வெட்டுவதில் தூளே கிடையாது. 11 மி.மீ. வட்டத்தின் பரப்பு 25 மி.மீ. வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, விழுகிற சுருளும் ஒரே இடத்தில் பெரிதாக விழும். ட்ரில் நுனியில் கிரீஸ் தடவி, உள்ளே துளைக்கு நேர் கீழே துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை வைத்தால் அநேகமாக எல்லாம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

20 மி.மீ. ஓட்டை ஒன்றே ஒன்று என்றால் ஹோல் சோவுக்கும் பஞ்சுக்கும் தூளில் பெரிய வித்தியாசம் வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டை பெரிதாகப் பெரிதாகத்தான் பஞ்ச் முந்துகிறது. 63 மி.மீ. போடப் பெரிய ஸ்டட் வேண்டும், அது முக்கால் இன்ச் தடிப்பு. அது நுழைய ட்ரில்லாலேயே பெரிய துளை போட்டால் தூள் மறுபடி கூடிவிடும். அதனால் முதலில் 11 மி.மீ. துளை, அதில் சின்ன ஸ்டட்டைப் போட்டு 22.5 மி.மீ. பஞ்ச், அந்த ஓட்டையில் பெரிய ஸ்டட்டைப் போட்டு 63 மி.மீ. பஞ்ச். இப்படிப் போனால் எவ்வளவு பெரிய ஓட்டையானாலும் தூள் விழுவது 11 மி.மீ. துளைக்கு மட்டும்தான்.

வெட்டுகிற விதமும் இதற்குத் தோதாக இருக்கிறது. பஞ்ச் வந்து நுழைகிற கிண்ணமான டையும் மெஷினும் பேனலுக்கு வெளியே, பஞ்ச் உள்ளே. உள்ளே கையை விட்டு பஞ்சை ஸ்டட்டில் கடைசி வரை திருகிவிட்டு வெளியே வந்து பட்டனை அழுத்தினால், ஸ்டட் பஞ்சை வெளிப்பக்கமாக இழுக்கும். பஞ்சின் வாய் தட்டையாக இல்லாமல் சரிவாக இருப்பதால் வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெட்டப்படுவதில்லை. இரண்டு முனையில் குத்தித் தொடங்கி அப்படியே சுற்றி வரும். கடைசியில் ஒரு ‘டக்’. வெட்டுப்பட்ட வட்டு டைக்குள், பேனலுக்கு வெளியே இருக்கும். உள்ளே எதுவும் விழாது. சில பஞ்சுகள் வட்டை இரண்டாகப் பிளந்தே விடும், டையிலிருந்து தட்டி எடுக்க லேசு.

பெக்டரி என்றால் தூள் இன்னொரு விதத்திலும் பொல்லாதது. அங்கே செய்வது குடிக்கிற பொருள். சலிக்கிற அறையில் தேயிலைக்குள் இருக்கும் இரும்பைப் பிடிக்கக் காந்தம் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்குப் பக்கத்துப் போர்டில் நான் ஹோல் சோ சுற்றினால் தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் சும்மா இருப்பாரா? “தம்பி, வேலை முடிஞ்சதும் காந்தம் ஒன்னு போட்டுப் பார்த்துட்டுப் போங்க” என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். அவர் கேட்பது நியாயம். பிளாஸ்டிக் விரித்து, போர்டுக்குள் எல்லாவற்றையும் மூடி, பிறகு வக்யூம் பிடித்து, காந்தம் ஓட்டி முடிக்கும் நேரத்தையும் ஹோல் சோவின் கணக்கில்தான் எழுத வேண்டும். அவசரத்துக்குக் கொம்ப்ரஸர் காற்றை அடித்தால் தூள் கொன்டாக்டருக்குள்தான் போய்ச் சேரும், அதைச் செய்யவே கூடாது.

நேரம் இங்கே சின்ன விஷயமில்லை. கொழுந்தைத் தொட்டியில் பரப்பிவிட்டால் வாட 12 மணியிலிருந்து 18 மணி நேரம் வரை போகும், அதுவரை ஃபேனை நிறுத்தச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது. வாடிய கொழுந்தைக் கீழே ரோலருக்கு இறக்கியதற்கும் அடுத்த கொழுந்து லொறியில் வந்து சேர்வதற்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளிதான் நமக்கு. ஏப்ரல், மே மாதம் கொழுந்து கூடுகிற காலத்தில் அதுவும் சுருங்கிப்போகும்.

இதுவரை சொன்னது எல்லாப் பஞ்சுக்கும் பொருந்தும். அப்புறம் ஏன் பெட்டரி? ஸ்பானர் பஞ்ச் 25 மி.மீ. வரை சமாளிக்கும். 32 தாண்டியதும், இரண்டு மி.மீ. தகடு என்றால், தோள்பட்டை கேட்கும். சுவரோடு ஒட்டிய பேனலின் அடிப்பக்கத்தில், க்ளாண்ட் பிளேட்டில் ஸ்பானரைச் சுற்ற இடமும் இருக்காது. கைப் பம்ப் ஹைட்ரோலிக்கில் பலம் இருக்கிறது, ஆனால் ஒரு கை தலையைப் பிடிக்க, ஒரு கை பம்ப் அடிக்க வேண்டும். ஏணியில் நின்று அது சரிவராது. பெட்டரி பஞ்சின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கோணம் திருப்பி வைத்து, மற்றக் கையால் ஏணியைப் பிடிக்கலாம். எனக்கு இது போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது டை அளவு. கிரீன்லீ, மில்வாக்கி போன்ற அமெரிக்கக் கம்பெனிகளின் பெட்டியில் பெரும்பாலும் வருவது அவர்களுடைய கொன்டியூட் (வயர் போகிற குழாய்) அளவு. அரை இன்ச் என்று பொறித்த டை போடுவது 22.5 மி.மீ. ஓட்டை, முக்கால் இன்ச் போடுவது 28.3 மி.மீ. அரை இன்ச் டை 22 மி.மீ. புஷ் பட்டனுக்கும் பிஜி16 என்ற அளவு க்ளாண்டுக்கும் சரியாகப் பொருந்தும். நாம் அன்றாடம் மாட்டுகிற 20 மி.மீ. க்ளாண்டுக்கு அரை இன்ச் டையும், 25 மி.மீ. க்ளாண்டுக்கு முக்கால் இன்ச் டையும் ஆகாது. ஓட்டை பெரிதாகி க்ளாண்ட் ஆடும், வொஷரைப் போட்டு மூடினாலும் மழைக்கால ஈரம் உள்ளே போகும். ஆகவே மெட்ரிக் டைகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 20, 25, 32, 40 இருந்தால் முக்கால்வாசி வேலை ஓடிவிடும்.

பராமரிப்பில் தேய்கிறது ஸ்டட்தான். இழுவை முழுவதும் அதன் மரையில் விழுவதால் ஒவ்வொரு தடவையும் துடைத்து கிரீஸ் போட வேண்டும், பஞ்சை அரைகுறையாகத் திருகிவிட்டு இழுக்கக் கூடாது. ஹட்டனில் ஸ்டட் தேடி அலைவதைவிட, மெஷின் வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் கொழும்புப் பழைய சோனகத் தெரு வரை இறங்க வேண்டிவரும். எதில் வெட்டினாலும் விளிம்பில் பெயின்ட் போய் இரும்பு வெளியே தெரியும், நம் மலைப் பனிக்கு அது சீக்கிரம் துருப்பிடிக்கும். சின்ன பிரஷ்ஷால் ஒரு தடவை சிங்க் பெயின்ட் தடவிவிட்டு க்ளாண்டை மாட்டுங்கள். நுவரெலியாக் குளிரில் பெட்டரியை இரவு முழுக்க வேனில் விட்டால் காலையில் சோர்ந்து நிற்கும், வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் பேனலில் நான் கொஞ்சம்தான் வேலை செய்திருக்கிறேன். அதற்கென்று கடினமான பஞ்ச் தனியாக வரும். சாதாரண இரும்புக்கான பஞ்சை அதில் போட்டால் வாய் மழுங்கும். மூன்று மி.மீ. தாண்டிய தகட்டில் நான் பெட்டரி பஞ்ச் போட்டதில்லை, அதனால் அதைப்பற்றி உறுதி சொல்ல மாட்டேன். மெஷினுக்கும் டைக்கும் கம்பெனி போட்டிருக்கும் தடிப்பு எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோல் சோவை நான் தூக்கிப் போடவில்லை. பிளாஸ்டிக் பெட்டிக்கு அதுதான், பஞ்ச் இழுத்தால் வெடிக்கும். மேசையில் வைத்து வேலை செய்கிற வெறும் பேனலுக்கும் அது போதும், 25 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 350 சுற்று அளவில் மெதுவாக விட்டு, எண்ணெய் போட்டு அறுத்தால் பல் நாள்பட நிற்கும். வீட்டு வயரிங் மட்டும் செய்கிற தம்பிமாருக்கு நல்ல ஹோல் சோ செட் ஒன்றும் 20, 25 ஸ்பானர் பஞ்ச் இரண்டும் தாராளம். பெக்டரி, ஹோட்டல் என்று ஓடுகிற பேனலைத் திறக்கிற வேலை மாதாமாதம் வந்தால் பெட்டரி பஞ்சுக்குப் போங்கள். ஏற்கனவே ஒரு கம்பெனியின் பெட்டரி ட்ரில் வைத்திருந்தால் அதே பெட்டரி போகிற பஞ்சாகப் பாருங்கள், பெட்டரிக்கும் சார்ஜருக்கும் போகிற காசு டைக்கு மிஞ்சும்.