சவரக்கத்திக்குப் பழைய கல்: பெல்ஜியமா, ஜெர்மனியா, அர்க்கன்சாவா, கியோட்டோவா?

மும்பை சோர் பஜாரில் வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தெரு திறந்திருக்கும். விடியும் முன்பே துணியை விரித்துப் பழைய சாமான்களைக் கொட்டிவிடுவார்கள். அப்படி ஒரு விடியற்காலையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய கறுப்புக் கல் ஒன்றை 1200 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் ‘ஜெர்மன் மால்’ என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்து சலவைச் சோடாத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டேன். பிசுக்கு போனதும் பார்த்தால், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் கொஞ்சம் நைஸ், நடுவில் ஒட்டிய கோடு. எந்த ஹார்டுவேர் கடையிலும் புதிதாகவே கிடைக்கும் கார்போரண்டம் கல். இப்போது எங்கள் வீட்டு அரிவாள்மனை நன்றாக வெட்டுகிறது.

தாராவியில் நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூன் அண்ணாச்சியிடம் அதைக் காட்டினேன்.

“தம்பி, வாங்குறதுக்கு முன்னால ரெண்டு சொட்டு தண்ணி விட்டுப் பாத்தியா?”

“இல்ல அண்ணாச்சி, ஒரே எண்ணெயா இருந்துச்சு.”

“அப்ப தொடச்சிட்டு விடணும். குடிச்சுதுன்னா ஆலைக் கல்லு, வச்சிட்டு வந்துரு. மேல நின்னுச்சுன்னா அப்புறம் யோசி.”

அண்ணாச்சி சவரத்துக்கு இப்போது மாற்று பிளேடுதான் போடுகிறார். எய்ட்ஸ் பயம் வந்த பிறகு முழுக்கத்தி சலூன்களை விட்டே போய்விட்டது. அடைப்பத்தில், அதாவது சவரச் சாமான் பையில், இருந்த கத்தியும் கல்லும் பழைய சாமான் வியாபாரிகளிடம் வந்து சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்லைப் பேசும் முன் ஒரு விஷயம். சாணை பிடிப்பது வேறு, தீட்டுவது வேறு. சக்கரத்தில் தீப்பொறி பறக்கச் சாணை பிடித்தால் சவரக்கத்தியின் கதை முடிந்தது. சவரக்கத்தியைக் கல்லில் படுக்கவைத்தால் முதுகும் வாயும், அதாவது வெட்டும் விளிம்பும், சேர்ந்து படியும். முதுகின் கனம்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது, நாம் கோணம் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் கல் நூல் பிடித்த மாதிரி சமமாக இருக்க வேண்டும். இன்னொன்று, கீழே சொல்லப்போகும் கற்கள் பெரும்பாலும் கடைசி மெருகுக்கானவை. வாய் பொரிந்த கத்தியைச் சரிசெய்ய 1000 எண் செயற்கைக் கல்லில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பெல்ஜியத்துக் கோட்டிக்யூலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் ஓட்டு அதற்குத்தான். ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சால்ம் வட்டாரத்தில் கிடைக்கும் மஞ்சள் கல் இது. சந்தன நிறத்தில் மெல்லிய அடுக்கு, அதன் அடியில் கருநீலமோ கறுப்போ ஆன பலகைக்கல் (ஸ்லேட்). அறுப்பது அதற்குள் இருக்கும் கார்னெட் மணிகள். மோதிரத்தில் கோமேதகம் போட்டுக்கொள்கிறோமே, அதன் பங்காளி. மணிகள் ஏறக்குறைய 5 முதல் 20 மைக்ரான் அளவு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). இவ்வளவு பெரிய மணி எப்படி நயமான வாயைத் தரும் என்று முதலில் எனக்கும் சந்தேகம். மணிகள் பன்னிரண்டு முகம் கொண்ட உருண்டை வடிவம், ஊசிமுனை கிடையாது. அதனால் எஃகில் ஆழமாக இறங்காமல் மேலோட்டமாகச் சீவிக்கொண்டு போகின்றன.

இந்தக் கல்லின் சாமர்த்தியம் வேகத்தை மாற்றிக்கொள்வது. சின்னத் துண்டுக் கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கல் கரைந்து கெட்டியாகப் பால் விடும். அந்தப் பாலில் தீட்டினால் வேகமாக அறுக்கும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பாலை நீர்த்துப்போகச் செய்தால், அதே கல் மெருகுக் கல்லாகிவிடும். ஒரே கல்லில் இரண்டு வேலை. குறை என்றால் ஒன்றுக்கொன்று குணம் மாறும். ஒன்று விறுவிறு, இன்னொன்று சோம்பேறி, பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி.

பழையது வாங்குகிறவருக்கு இதில் இரண்டு லாபம். மஞ்சளும் நீலமும் இயற்கையாகவே சேர்ந்த கல்லில் அந்த எல்லைக்கோடு கோணல்மாணலாக ஓடும், அதைப் போலியாகச் செய்வது சுலபமில்லை. ஒட்டிய கல்லில் கோடு நேராக இருக்கும். அதுவும் நல்ல கல்தான், மஞ்சள் அடுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது, இதை இன்றும் வெட்டி விற்கிறார்கள். புதிய கல்லின் விலை தெரியும் என்பதால் பழையதற்கு யாரும் கண்டபடி கேட்க முடியாது.

ஜெர்மனியின் துரிங்கியக் கல்லுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. சோனபெர்க் ஊரின் எஷர் நிறுவனத்து லேபிள் ஒட்டிய கல் என்றால் சேகரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். அந்தச் சுரங்கங்களில் இன்று வேலை நடப்பதில்லை, இருப்பதுதான் சரக்கு. கருநீலம், நீலப்பச்சை, வெளிர்பச்சை, மஞ்சள்பச்சை என்று நிறத்துக்கு ஒரு விலை, மஞ்சள்பச்சைதான் உச்சம். கல் அருமையானது, மறுக்கவில்லை. பால் வெளுப்பாக விடும், கன்னத்தில் எரிச்சலே தெரியாத வாயைக் கொடுக்கும். என் நண்பர் ஒருவரின் கல்லில் தீட்டிப் பார்த்திருக்கிறேன். என் கோட்டிக்யூலைவிட ஒரு பிடி மேல்தான். ஆனால் அந்த ஒரு பிடிக்கு மூன்று மடங்கு விலை. லேபிள் உதிர்ந்துவிட்டால் சாம்பல் பலகைக்கல் எல்லாமே அண்ணன் தம்பி போல இருக்கும். வேல்ஸ் நாட்டுக் கல்லோ சீனத்துக் குவாங்சிக் கல்லோ ‘துரிங்கியா’ என்று வந்து நின்றால் படத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க என்னால் முடியாது. லேபிளோடு இருந்தால் லேபிளுக்குப் பணம், இல்லாவிட்டால் லாட்டரி.

அமெரிக்காவின் அர்க்கன்சா கல்லைச் சோதிப்பது சுலபம். நோவாகுலைட் என்ற பாறை, கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. பெயரே சவரக்கத்தியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. (பெயர் என்றதும் ஒரு பெருமை: கொரண்டம் என்று உலகம் சொல்லும் கல்லுக்குப் பெயர் நம் குருந்தத்திலிருந்து போனது. செயற்கைக் கற்கள் பலவற்றில் அறுப்பது அதுவேதான்.) ஒளிபுகும் ரகத்தின் ஓரத்தில் செல்போன் டார்ச்சை வைத்தால் உள்ளே வெளிச்சம் பரவும். கறுப்பு ரகத்துக்கு இந்தச் சோதனை உதவாது. எண்ணெய் விட்டோ சோப்புத் தண்ணீர் விட்டோ தீட்டலாம். பால் விடாது, தேயாது, பேரன் காலம் வரை வரும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பெல்ஜியக் கல்லில் 30 இழுப்பில் முடிவதற்கு இதில் 100, 150 என்று போகும். எஃகு பட்டுப் பட்டு மேற்பரப்பு வழுவழுப்பானால் இன்னும் நயமாகும், இன்னும் மெதுவாகும். தினம் தீட்டிய கத்தியை மெருகேற்ற மட்டும் என்றால் காசுக்கு இதுதான் நியாயம்.

கியோட்டோக் கற்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நகயாமா போன்ற சுரங்கத்தின் பெயரைக் கல்லின் முதுகில் மையால் குத்தியிருப்பார்கள். முத்திரை குத்துவது கல் வெட்டுவதைவிடச் சுலபம். ஈரம் ஏறி அடுக்கு பிரியாமல் இருக்கப் பக்கங்களில் வார்னிஷ் பூச வேண்டும். ஜப்பானியர் அதற்கு முந்திரிக்கொட்டை எண்ணெயில் செய்த பூச்சையும் பயன்படுத்துகிறார்கள். மும்பை மழைக்காலத்தில் இதெல்லாம் எனக்குக் கூடுதல் கவலை. கையில் எடுத்துத் தீட்டிப் பார்த்து வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

இயற்கைக் கல் என்று நினைத்து வாங்கப்படும் இன்னொன்று ஸ்வாட்டி. சலூன்காரர்களுக்கென்றே ஆலையில் செய்த சின்னக் கல். அண்ணாச்சியின் அடைப்பத்தில் இருந்ததும் இதுதான், ‘மூணு கோடு கல்லு’ என்பார். தண்ணீரைக் குடிக்காது, ஆகவே அவர் சோதனையில் தப்பிவிடும். மங்கிய வாயைப் பத்து இழுப்பில் எழுப்பிவிடும். மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள், இயற்கைக் கல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

விலையில் எழுதாத செலவு ஒன்று உண்டு, அது சமப்படுத்துவது. பழைய கல் எல்லாமே நடுவில் குழிந்திருக்கும். நாக்தேவி தெருவில் கார்போரண்டம் பொடி வாங்கி, தடித்த கண்ணாடியில் தூவி, தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டால் எங்கே குழி என்று தெரியும். என் கோட்டிக்யூல் ஒரு மணி நேரத்தில் படிந்துவிட்டது. அர்க்கன்சாவோடு ஒரு வாரம் மாலைகளில் மல்லுக்கட்டினேன், கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார். மஞ்சள் அடுக்கு ஏற்கெனவே காகிதம்போல மெலிந்த கல்லைச் சமப்படுத்தினால் மிச்சம் அடியில் இருக்கும் நீலப் பலகைக்கல் மட்டும்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியில் நான் வாங்கியது கையகல கோட்டிக்யூல், வெளிநாட்டு ஏலத்தில். தபாலும் சுங்கவரியும் சேர்த்து 11,000 ரூபாய் ஆனது. தீட்டிய பிறகு கத்தியை இழுக்கும் தோல்வாருக்குத் தாராவியிலேயே தோல் கிடைத்துவிட்டது.

சோர் பஜாருக்குப் போவதை நிறுத்தவில்லை. இப்போது பையில் தண்ணீர் பாட்டில், பழைய பனியன் துணி, இரும்பு ஸ்கேல் மூன்றும் இருக்கும். துடைத்து, இரண்டு சொட்டு விட்டு, ஸ்கேலை நிமிர்த்திக் குழி பார்ப்பதற்குள் விற்பவர் முகம் மாறிவிடும். மாறட்டும், அவர்தான் அன்றைக்கு எனக்கு ஜெர்மன் மால் கொடுத்தவர்.